விளிம்பில் பொறித்த பெயர்: குமரி எல்லையில் ஓர் ஏலப் பயணம்

ஜூன் 12, வியாழன்: நாகர்கோவில், உதயகிரி

கேரளத்தின் பாறசாலைப் பக்கத்தில் தமிழ் பேசும் பழைய நிலக்காரக் குடும்பம் ஒன்று, பாகப்பிரிவினை முடிந்து வீட்டை விற்பதற்கு முன்னால் வீட்டுச் சாமான்களை ஏலம் விடுகிறது என்ற தகவல் நண்பர் ஒருவர் மூலம் வந்தது. ஏலத்தை நடத்தும் நிறுவனம் அனுப்பிய பட்டியலில் கட்டில், நிலைக்கண்ணாடி, உருளி, வார்ப்பு என்று பக்கங்கள் நீண்டாலும், நடுவே இருந்த சில வரிகள் என்னை மதுரையிலிருந்து கிளப்பிவிட்டன. முதல் உலகப் போர்ப் பதக்கங்கள் இரண்டு, திருவிதாங்கூர் அடையாளம் பொறித்த வாள் ஒன்று, திருவிதாங்கூர் அரசின் சின்னமான சங்கு முத்திரைப் பட்டைகளும் பொத்தான்களும் அடங்கிய தகரப் பெட்டி ஒன்று, ரவி வர்மா அச்சகத்தின் ஓலியோகிராப் (எண்ணெய் ஓவியம் போலத் தோன்றும் வண்ணக் கல்லச்சு) படங்கள் ஆறு. தென்னாட்டுச் சிப்பாய்களின் பதக்கங்களைத் தேடி வாங்குவதும், ஒவ்வொன்றும் யாருடையது, எந்த ஊருக்குரியது என்று எழுதி வைப்பதும் நான் பல காலமாகச் செய்துவரும் வேலை. ஏலம் சனிக்கிழமைதான் என்றாலும் முன்கூட்டியே புறப்பட்டதற்குக் காரணம், திருவிதாங்கூர்ப் படையின் கதை தொடங்கிய இடங்களைப் பார்த்துவிட்டு அந்த வீட்டுக்குள் நுழைய வேண்டும் என்ற விருப்பம்.

நாகர்கோவிலில் இறங்கும்போது இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. வடசேரிக்கு அருகே நுழைந்த சிறு கடையில் புட்டும் கடலைக் கறியும் இரண்டு மட்டிப்பழமும் சேர்த்து 70 ரூபாய். மட்டி குமரி மாவட்டத்துக்கே உரிய பழம். விரல் நீளத்துக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும். மணமோ உரிக்கும்போதே மேசை முழுவதும் பரவும். என் பையிலிருந்து நீர் சொட்டுவதைப் பார்த்த கடைக்காரர், "காயிதம் நனைஞ்சிரும் அண்ணே, இஞ்ச வையுங்க" என்று சொல்லி, அடுப்புக்கு அருகே இருந்த பலகையைத் துடைத்து இடம் செய்து கொடுத்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. நான் சாப்பிட்டு முடிக்கும் வரை பையை மட்டும் இரண்டு முறை திருப்பி வைத்தார்.

உதயகிரிக் கோட்டை தக்கலைக்கு முன்னால் புலியூர்க்குறிச்சியில், திருவனந்தபுரம் சாலையை ஒட்டியே இருக்கிறது. 1741-இல் குளச்சலில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையை மார்த்தாண்ட வர்மா முறியடித்தபோது பிடிபட்டவர்களில் ஒருவர் யூஸ்டாகியஸ் டி லனாய். கைதியாக வந்த அவர், மன்னரின் சிப்பாய்களுக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி அளித்து, பழைய கோட்டையைக் கருங்கல்லால் வலுப்படுத்தி, படைத்தலைவராக உயர்ந்து, வலிய கப்பித்தான் (பெரிய தளபதி) என்று மக்களால் அழைக்கப்பட்டு, 1777-இல் இறந்து இதே கோட்டைக்குள் புதைக்கப்பட்டார். கூரையில்லாத சிறு தேவாலயத்தின் உள்ளே, அவருடைய கல்லறைக் கல்லில் லத்தீன் எழுத்துகளும் தமிழ் எழுத்துகளும் சேர்ந்தே இருக்கின்றன. மழை நீர் அந்த எழுத்துகளின் குழிகளில் தேங்கியிருந்ததால், வெயில் நேரத்தில் தெரிவதைவிடத் தெளிவாகப் படிக்க முடிந்தது. அங்கிருந்த காவலர் தம் குடையைக் கொடுத்துவிட்டு மரத்தடியில் நின்றுகொண்டார். திரும்பக் கொடுக்கப் போனபோது, சாலை வரை போய்விட்டு அங்கே இருக்கும் கடையில் கொடுத்தால் போதும் என்றார்.

இருநூற்றைம்பது ஆண்டுகளாக ஒரு படைவீரனின் பெயர் அவன் கிடக்கும் இடத்திலேயே இருக்கிறதென்றால், அதைக் கல் என்பதால் யாரும் தூக்கிப்போக முடியவில்லை என்பதும் ஒரு காரணம். உள்ளங்கைக்குள் அடங்கும் பதக்கத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. இரவு விடுதியில் பட்டியலை மறுபடி புரட்டும்போது இந்த எண்ணமே ஓடிக்கொண்டிருந்தது.

ஜூன் 13, வெள்ளி: பத்மநாபபுரம், பாறசாலை

காலையில் பத்மநாபபுரம் அரண்மனை. தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கும் அரண்மனை இது. 1956 நவம்பர் 1 அன்று கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்கள் அன்று சென்னை மாநிலமாக இருந்த தமிழ்நாட்டோடு இணைந்தபோது ஏற்பட்ட ஏற்பாடு அப்படியே தொடர்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கும்போது, கரிய தரை காலுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. இங்கே எனக்கு முக்கியமானது ஒரு வாளைப் பற்றிய வழக்கம். ஆண்டுதோறும் நவராத்திரிக்காகச் சரஸ்வதியும் வேளிமலை முருகனும் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாகப் புறப்படும்போது, மன்னரின் உடைவாள் இந்த அரண்மனையில்தான் கைமாற்றித் தரப்படுகிறது. இரு மாநில அதிகாரிகளும் உடன் நிற்கிறார்கள். ஆயுதம் ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் போகாமல், எதற்காக, யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும்படி வாழ்ந்துகொண்டிருப்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு என்னிடம் இல்லை.

தக்கலையில் மதிய உணவு: சம்பா அரிசிச் சோறு, தேங்காய் அரைத்த மீன் குழம்பு, மரச்சீனிக் கிழங்கு, நெத்திலிப் பொரியல், 140 ரூபாய். கிழங்கை இரண்டாம் முறையும் கேட்காமலேயே வைத்தார்கள். அங்கிருந்து ஏறிய பேருந்து குழித்துறைப் பாலத்தைத் தாண்டியதும் நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். மழை வலுத்தது. மீன் கூடையோடு வந்த ஒரு அம்மாள், எல்லோரையும் எதிரே இருந்த மூடிய கடையின் திண்ணைக்கு அழைத்துப் போய், "மக்கா, பிள்ளய வெச்சிருக்கவ முன்ன இரி" என்று இடம் ஒதுக்கிவிட்டு, பாறசாலைப் பக்கம் போகிறவர்கள் யார் யார் என்று கேட்டு நான்கு பேரைச் சேர்த்து ஒரு ஆட்டோவில் ஏற்றிவிட்டார். 400 ரூபாய் கேட்ட ஆட்டோக்காரர் அவர் முகத்தைப் பார்த்து 300-க்கு இறங்கினார்.

ஏலப் பொருட்களைப் பார்வையிட ஐந்து மணி வரைதான் நேரம். நாலேகாலுக்குப் போய்ச் சேர்ந்தேன். பெரிய முற்றமும், பலா மரத்தில் இழைத்த நிலைக்கதவுகளும், நெல் சேமிக்கத் தனியாக ஒரு பத்தாயப்புரையும் உள்ள வீடு. திண்ணையில் மேசைகள் போட்டு, வெள்ளைத் துணி விரித்து, ஒவ்வொரு பொருளுக்கும் எண் கட்டியிருந்தார்கள்.

பதக்கங்களைக் கையில் எடுத்தேன். முதலாவது பிரிட்டிஷ் போர்ப் பதக்கம்: வெள்ளி, 36 மில்லிமீட்டர் விட்டம், ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜின் தலை, மறுபக்கம் குதிரையேறிய புனித ஜார்ஜ், குதிரையின் காலடியில் கழுகுக் கேடயம், ஓரத்தில் 1914, 1918. இரண்டாவது வெற்றிப் பதக்கம்: வெண்கலம், சிறகு விரித்த பெண்ணுருவம். இவ்வகைப் பதக்கங்கள் லட்சக்கணக்கில் அடிக்கப்பட்டவை. இந்தியாவிலிருந்து மட்டும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்தப் போருக்காகக் கடல் கடந்தார்கள், 74,000-க்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. ஆகவே முகப்பில் இருப்பது எல்லாவற்றிலும் ஒன்றேதான். வேறுபாடு விளிம்பில் இருக்கிறது. விளிம்பைச் சுற்றி எண், பதவி, பெயர், படைப்பிரிவு என்று சிறு எழுத்துகளில் பொறித்திருப்பார்கள். இதில் சிப்பாய் என்ற சொல்லும், ஒரு தமிழ்ப் பெயரும், 61-ஆம் பயனீர்ஸ் படைப்பிரிவும் இருந்தன. அந்தப் படை சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. 1914 முதல் கிழக்காப்பிரிக்காவில் பணியாற்றியது. சாலை போடுவதும் பாலம் கட்டுவதும் அதே கையால் துப்பாக்கி பிடிப்பதும் பயனீர்களின் வேலை.

விளிம்பை அரம் போட்டுத் தேய்த்துவிட்டு வேறு பெயரை வெட்டி விற்கும் மோசடி இந்தத் தொழிலில் பழையது. தேய்த்தால் விட்டம் குறையும். ஆகவே அளவுகோலை வைத்து நான்கு இடத்தில் அளந்தேன், எங்கும் குறையவில்லை. லென்ஸில் பார்த்தால் எழுத்துகளின் ஆழம் ஒரே சீராக இருந்தது. இடுக்குகளில் பழைய அழுக்கு கருத்து இறுகியிருந்தது. யாரும் பாலிஷ் போடவில்லை என்பது பெரிய ஆறுதல்.

பிறகு தகரப் பெட்டியைத் திறந்தேன். சங்கு முத்திரைப் பட்டைகள், இரண்டு யானைகள் நடுவே வலம்புரிச் சங்கு உள்ள பித்தளை பெல்ட் தகடு, பொத்தான்கள், கிழிந்த தோள்பட்டைத் துணி. அடியில் வெண்கல நட்சத்திரம் ஒன்று கிடந்தது: குறுக்காக இரண்டு வாள்கள், மேலே கிரீடம், நடுவே 1914-15. 1915 முடிவதற்குள் போர்க்களம் சென்றவர்களுக்கு மட்டும் கொடுக்கப்பட்டது அது. நட்சத்திரத்துக்கு விளிம்பில் இடமில்லாததால் பெயரைப் பின்புறத்தில் பொறிப்பார்கள். திருப்பினேன். அதே எண், அதே சிப்பாய், அதே படை.

ஒரே மனிதரின் மார்பில் இருந்த மூன்றில் இரண்டு ஒரு மேசையிலும் மூன்றாவது வேறொரு மேசையிலும் வேறு வேறு எண்ணில் கிடந்தன. பட்டியல் தயாரித்த இளைஞரிடம் இரண்டையும் காட்டி, மூன்றையும் ஒரே எண்ணில் சேர்க்க முடியுமா என்று கேட்டேன். அவர் பொறுமையாக லென்ஸில் பார்த்தார், "சார் சொல்றது சரிதான்" என்றார், மேலே பேசிவிட்டு வந்தார். பட்டியலை வெளியூர் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பி முன்கூட்டிய ஏலக் கேட்புகளும் வந்துவிட்டதால் மாற்ற இயலாது என்று பதில் வந்தது. அவர்கள் தரப்பில் நியாயம் உண்டு. ஆனாலும் பிரித்து விற்றால் ஒவ்வொன்றும் பாதிக் கதையாகிவிடும் என்பது என் உறுதியான எண்ணம். அதை அவரிடமும் சொன்னேன்.

படங்களுக்குப் பத்து நிமிடம்தான் கிடைத்தது. ரவி வர்மா 1894-இல் பம்பாயில் தொடங்கிய அச்சகம் பின்னர் லோனாவாலாவுக்கு அருகே மாறியது. அங்கே ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல்லில் வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டார்கள். ஆகவே லென்ஸில் பார்த்தால் புள்ளிகள் கை போன போக்கில் ஒழுங்கற்றுக் கிடக்கும். பிற்கால ஆப்செட் நகல்களில் புள்ளிகள் வரிசை தப்பாமல் பூக்கோலம் போல நிற்கும். ஆறில் ஐந்து கல்லச்சு. ஒன்று மட்டும் பிற்காலத்து நகல். ஒரு லட்சுமி படத்தில் புடவைக்கு ஜரிகைத் துணியும் நகைகளுக்குச் சமிக்கியும் வைத்துத் தைத்திருந்தார்கள். ஓரத்தில் பூச்சி அரித்திருந்தாலும் தையல் ஒரு இடத்தில்கூட விடவில்லை.

ஜூன் 14, சனி: ஏலம்

திரும்பத் தரக்கூடிய முன்பணம் 10,000 ரூபாய் கட்டி எண் அட்டை வாங்க வேண்டும். ஏலம் முடிந்த தொகைக்கு மேல் நிறுவனத்தின் பங்காக நூற்றுக்குப் பதினைந்தும், அதன்மேல் வரியும் உண்டு. புதிதாக வருகிறவர்கள் இதைக் கணக்கில் சேர்க்காமல் கையைத் தூக்கிவிட்டு முடிவில் திகைப்பதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். உச்சவரம்பை முடிவு செய்யும்போதே இந்தக் கூடுதலையும் கூட்டி எழுதிக்கொள்வது அவசியம்.

ஏலம் விடுபவர் கொச்சிக்காரர். தமிழும் மலையாளமும் மாறி மாறிப் பேசினார். தொடங்கும் முன்பே சில அறிவிப்புகளை நிதானமாகப் படித்தார். தந்தக் கைப்பிடி போட்ட குத்துவாள் ஒன்று வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி விற்கக்கூடாததால் பட்டியலிலிருந்து எடுக்கப்படுகிறது. நூறாண்டைத் தாண்டிய பொருள் எதையும் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி வெளிநாட்டுக்கு அனுப்ப இயலாது. தங்கத் தகடு ஒட்டிய ராமர் பட்டாபிஷேக ஓவியத்துக்குத் தொல்லியல் துறையின் பதிவுச் சான்று இருக்கிறது, வாங்குபவர் உரிமை மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். இப்படி வெளிப்படையாகப் படிக்கும் ஏலத்தில் மனம் நம்பி உட்கார முடிகிறது. திருவிதாங்கூர்த் தந்த வேலை உலகப் புகழ் பெற்றது. 1851-இல் லண்டன் பெருங்கண்காட்சிக்கு விக்டோரியா அரசிக்காக இங்கிருந்து தந்த அரியணை போயிற்று. அந்தக் கைத்திறனை மதிக்கிறேன். ஆனால் இன்று ஒரு குத்துவாளை விற்க அனுமதித்தால் நாளை ஒரு யானை விழும், ஆகவே அந்தத் தடையை நான் முழுமனத்தோடு ஆதரிக்கிறேன்.

வாள் 12,000-இல் தொடங்கி 41,000-க்குப் போனது. என் அருகே இருந்த ஆசிரியர் ஒருவர், 2023-இல் லண்டனில் திப்பு சுல்தானின் படுக்கையறை வாள் ஒரு கோடியே நாற்பது லட்சம் பவுண்டுக்கு விலைபோனதைச் சொல்லி, அந்த விலைக்குக் காரணம் இரும்பா பெயரா என்று கேட்டார். பெயர்தான் என்றேன். அந்த வாள் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்ற வரலாறு 1799-இலிருந்து அறுபடாமல் இருக்கிறது. நம் சிப்பாய்களின் பதக்கத்திலும் அதே பெயர் இருக்கிறது. தொடர்ச்சியைத்தான் நாம் அறுத்துவிடுகிறோம்.

ஜரிகை லட்சுமி 22,000. மற்ற கல்லச்சுப் படங்கள் 6,000-க்கும் 9,000-க்கும் இடையே. நகலையும் ஒருவர் 5,500-க்கு எடுத்தார். பத்தாயப்புரையின் பழைய கணக்குப் புத்தகக் கட்டு, முத்திரைத்தாள்களோடு சேர்த்து, 700 ரூபாய்க்கு ஒருவருக்கே போனது, போட்டியே இல்லை. அந்த நேரம் மின்சாரம் போய், மழை இருட்டில் கால் மணி நேரம் எல்லோரும் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். வீட்டார் பெரிய குத்துவிளக்கைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்கள். அதற்கும் எண் கட்டியிருந்தது. அடுத்த அரை மணி நேர ஏலம் அந்த வெளிச்சத்தில்தான் நடந்தது.

பதக்க இணை 2,000-இல் தொடங்கியது. மார்த்தாண்டத்து நகைக்கடைக்காரர் ஒருவர் வெள்ளியின் எடையைக் கணக்குப் போட்டு 4,000 வரை வந்து நின்றுவிட்டார். வெள்ளி கிராம் நூறு ரூபாயைத் தாண்டியிருந்த அந்நேரத்தில் அவர் கணக்கு தவறில்லை. ஆனால் 1980-ஐ ஒட்டி வெள்ளி விலை ஏறியபோது இப்படித்தான் இந்தப் பதக்கங்கள் ஏராளமாக உருக்கப்பட்டன, ஒவ்வொன்றோடும் ஒரு பெயரும் உருகிப்போனது. அதன்பின் தொலைபேசியில் ஒருவர் என்னோடு போட்டியிட்டார். 9,000 அவர், 9,500 நான். மூன்று தரம் சொல்லி மேசையைத் தட்டினார். பங்கைச் சேர்த்து 10,925, மேலே வரி.

தகரப் பெட்டி வந்தபோது பின்வரிசையில் இருந்த நான்கு வியாபாரிகளில் ஒருவர் மட்டும் கை தூக்கினார், மற்ற மூவரும் அவரை எதிர்க்கவில்லை. நான் 13,500 வரை போனேன்; 14,000-க்கு அவருக்கு முடிந்தது. மாலையில் சாலையோர டீக்கடையில் அந்த நால்வரும் ஒரே பெஞ்சில் அமர்ந்து, சிகரெட் அட்டையின் பின்புறத்தில் எண்களை எழுதித் தங்களுக்குள் மீண்டும் ஏலம் விட்டுக்கொண்டார்கள். வித்தியாசத் தொகையைப் பங்கு பிரிப்பார்கள். விற்ற குடும்பத்துக்கு அதில் ஒரு காசு வராது. ஏலத்தில் பொருள்களின் உண்மையான விலையைக் கெடுப்பது இந்தக் கூட்டுதான், இதை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. பெட்டி கடைசியில் அந்த நால்வரில் கொச்சி வியாபாரி ஒருவர் கைக்குப் போனது. பழம்பொரி தட்டை அவர் என் பக்கம் நகர்த்தியபோது, நட்சத்திரத்தை மட்டும் தர முடியுமா என்று கேட்டேன். என் தொலைபேசி எண்ணைக் குறித்துக்கொண்டு, ஊர் போய்ச் சொல்வதாகச் சொன்னார்.

பொருளை எடுக்க வீட்டுக்குத் திரும்பியபோது, திண்ணை மூலையில் பகல் முழுவதும் பேசாமல் அமர்ந்திருந்த ஆச்சி என்னைக் கூப்பிட்டார். வயது தொண்ணூறை நெருங்கும். "மக்களே, அந்த வெள்ளிக்காச நீதான் எடுத்தியா?" என்றார். அருகில் உட்கார்ந்தேன். கட்டஞ்சாயாவும் ஏத்தங்காய் வறுவலும் வந்தன. அந்தப் பதக்கங்கள் இந்த வீட்டார் யாரும் வாங்கியவை அல்ல, மார்த்தாண்டத்துக்கு மேற்கே உள்ள ஊரிலிருந்து வந்த பட்டாளத்துக்காரர் பஞ்ச காலத்தில் நெல்லுக்காகப் பணயம் வைத்தவை என்றார். "திருப்ப வருவான், வருவான்னு எங்க மாமியார் சாவுற வரைக்கும் பூட்டி வெச்சிருந்தாவ. அவன் வரல்ல. அவிய அத விக்கவும் விடல்ல." பேரக்குழந்தைகள் விளையாட எடுத்ததில் நட்சத்திரம் மட்டும் தகரப் பெட்டிக்குப் போயிருக்க வேண்டும் என்றும், பணயக் கணக்கெல்லாம் பத்தாயப்புரைப் புத்தகத்தில் இருக்கும் என்றும் சொன்னார்.

அந்தப் புத்தகம் 700 ரூபாய்க்குப் போய் மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. பட்டியல் இளைஞர் வாங்கியவருக்குத் தாமே அழைத்துப் பேசி, சம்மதம் பெற்று, அவருடைய தொலைபேசி எண்ணை எனக்குக் கொடுத்தார். வாங்கியவர் திருவிதாங்கூர் முத்திரைத்தாள் சேகரிப்பவர். தாள்களிலிருந்து சங்கு முத்திரைகளை வெட்டி எடுப்பவர்களும் உண்டு என்பதால், எந்தப் பக்கத்தையும் வெட்டிவிட வேண்டாம் என்று முதல் வாக்கியமாகவே கேட்டுக்கொண்டேன். மறுநாள் மாலை வீட்டுக்கே வரச் சொன்னார்.

ஜூன் 15, ஞாயிறு: திருவனந்தபுரம்

மழை விட்டிருந்தது. காலையில் நேப்பியர் அருங்காட்சியக வளாகம். வேலுத் தம்பி தளவாயின் வாள் இங்கே இருக்கிறது. கல்குளம் பக்கத்துத் தலக்குளத்தில் பிறந்த அவர், ஆங்கிலேயரை எதிர்த்து நின்று 1809-இல் உயிர்விடும் முன், வாளைக் கிளிமானூர் அரண்மனையில் ஒப்படைத்தார். ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டு அந்தக் குடும்பம் அதைக் காத்து, 1957-இல் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத்திடம் அளித்தது. டெல்லி தேசிய அருங்காட்சியகத்தில் இருந்துவிட்டு 2010-இல் திருவனந்தபுரம் வந்தது. ரவி வர்மா 1848-இல் பிறந்ததும் அதே கிளிமானூரில்தான். வாளைப் பார்த்துவிட்டு அதே வளாகத்தில் அவருடைய ஹம்ச தமயந்தியின் முன் நின்றேன். முந்தைய நாள் லென்ஸில் பார்த்த கல்லச்சுப் புள்ளிகள் கண்ணில் இருந்ததால், மூல ஓவியத்தில் சிவப்புப் புடவையின் மடிப்புகளில் தூரிகை போன வழியைப் பார்க்க நெடுநேரம் பிடித்தது.

மாலையில் முத்திரைத்தாள் சேகரிப்பாளரின் வீடு, கிழக்கேகோட்டைக்கு அருகே. ஓய்வு பெற்ற அலுவலர். நான் போவதற்குள் கணக்குப் புத்தகங்களை ஆண்டு வாரியாக அடுக்கி, தூசி தட்டி, ஒவ்வொன்றுக்கும் இடையே செய்தித்தாள் வைத்திருந்தார். அவர் மனைவி பழைய மோர்க்குழம்பின் மணத்தோடு இரவுச் சாப்பாட்டுக்கே உட்கார வைத்துவிட்டார். கொல்லம் ஆண்டு 1108-க்குரிய புத்தகத்தில், மகர மாதப் பக்கமொன்றில் அந்த வரி இருந்தது. 1933 ஜனவரி, பிப்ரவரியை ஒட்டிய காலம். பழுப்பேறிய மை; எண்கள் தமிழ் எண்கள். சிப்பாயின் பெயர், அவர் தந்தை பெயர், ஊர், அதன்பின் பதக்கம் இரண்டு, நட்சத்திரம் ஒன்று, எதிரே ஐம்பத்தாறு சக்கரம். திருவிதாங்கூர்க் கணக்கில் 28 சக்கரம் ஒரு ரூபாய். மூன்றுக்கும் சேர்த்து இரண்டு ரூபாய். திருப்பியதைக் குறிக்கும் கட்டம் காலியாக இருந்தது.

பக்கத்தைப் படமெடுத்துக்கொள்ள அனுமதித்ததோடு, அந்தப் புத்தகத்தை மட்டும் வெட்டாமலும் விற்காமலும் வைத்திருப்பதாக அவர் எழுதியே கொடுத்தார்.

ஜூன் 16, திங்கள்: மார்த்தாண்டம்

பஞ்சாபில் முதல் உலகப் போருக்குச் சென்ற மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்கள் ஊர் வாரியாக எழுதப்பட்ட பேரேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்து, இப்போது கணினியில் ஏற்றப்பட்டிருக்கின்றன. நம் பக்கத்துச் சிப்பாய்க்கு விளிம்பெழுத்தும், கடன் கணக்கும், தேவாலயப் பதிவேடுமே துணை. ஊரைச் சேர்ந்ததும் நேரே தேவாலய அலுவலகத்துக்குப் போனேன். எழுத்தர் முதலில் தயங்கினார். பதக்கத்தைத் துணியிலிருந்து எடுத்து விளிம்பைக் காட்டியதும் பூட்டைத் திறந்தார். அதே பெயரில் இருவர் இருந்தார்கள். தந்தை பெயரை ஒப்பிட்டதும் ஒருவர் விலகிவிட்டார். மற்றவருக்கு நேரே, 1938-இல் குடும்பத்தோடு புனலூருக்கு மாற்றச் சீட்டு வாங்கிப் போனதாகக் குறிப்பு இருந்தது. மனைவி, இரண்டு ஆண் பிள்ளைகள், ஒரு பெண். அவர் திருப்ப வராததற்குக் காரணம் இந்தக் குடிபெயர்வாக இருக்கலாம்.

பெயரை இங்கே எழுதவில்லை. அதை முதலில் கேட்க வேண்டியவர்கள் அந்தக் குடும்பத்தார். எழுத்தர் புனலூர்த் தேவாலயத்துக்கு என் முன்னாலேயே கடிதம் எழுதி, பதிவேட்டின் பக்க எண்ணையும் சேர்த்தார். கட்டணம் வாங்க மறுத்து, கருப்பட்டிக் காப்பி வாங்கித் தரும்படி கேட்டார், கோப்பை 20 ரூபாய்.

மாலை ரயிலுக்குக் காத்திருக்கும்போது கொச்சி வியாபாரி அழைத்தார். முதலில் 6,000 என்றார். கணக்குப் புத்தக வரியைப் படித்துக் காட்டியதும் சற்று நேரம் பேசவில்லை, பிறகு 4,800-க்கு முடித்தார். பணத்தை அனுப்பிவிட்டேன். நட்சத்திரம் காப்பீடு செய்த பார்சலில் வெள்ளிக்கிழமைக்குள் மதுரைக்கு வரும். வந்ததும் மூன்றையும் எடைபோட்டு, படமெடுத்து, பணயக் கணக்கின் நகலையும் பதிவேட்டுக் குறிப்பையும் சேர்த்து ஒரே உறையில் வைத்து, புனலூரிலிருந்து பதில் வரும் வரை காத்திருக்கப் போகிறேன்.